பழைய ராணுவ பிஸ்டல்கள்: சேகரிப்பும் பூர்வீகம் தேடுவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் இருக்கும் தமிழ் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் சேர்ப்பது பெரும்பாலும் ஜெர்மன் லூகர் பி.08, வால்தர் பி.38, அமெரிக்க 1911 வகைகள்தான். அதனால் பதில்களும் அவற்றைச் சுற்றியே வரும்.

சர்ப்ளஸ் பிஸ்டல் என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒரு நாட்டு ராணுவமோ போலீஸோ பயன்படுத்திவிட்டு, இனி வேண்டாம் என்று கழித்து விற்றது. போரில் பிடிபட்டு, சிப்பாய் ஒருவர் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்ததையும் சேகரிப்பவர்கள் இதே கூட்டத்தில் வைத்துத்தான் பேசுவார்கள், ஆனால் விலையில் இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். வாங்கலாமா?

பொதுவாக முடியாது. குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்தியச் சட்டம் தடை செய்கிறது. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு விதிவிலக்கு உண்டு. அதை நம்பி இறங்குமுன் ஒரு வக்கீலிடம் கேளுங்கள், ஏனென்றால் இதில் தவறினால் விசாவோடு போகாது, சிறைவரை போகும். "மனைவி பெயரில் வாங்கி நான் வைத்துக்கொள்கிறேன்" என்பதும் தனிக் குற்றம்.

கிரீன் கார்டு இருந்தால் கடையில் வாங்கத் தடையில்லை. 50 வருடம் தாண்டிய துப்பாக்கிகளைச் சேர்ப்பவர்களுக்கென்று ஒரு மத்திய உரிமம் இருக்கிறது, 3 வருடத்துக்கு 30 டாலர். அது இருந்தால் வேறு மாநிலத்திலிருந்தும் பழைய பிஸ்டலை நேராக வாங்கலாம். வாங்கியது விற்றது எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். இதற்கு மேல் மாநிலச் சட்டம் வேறு இருக்கிறது. நியூ ஜெர்சியில் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனி அனுமதி வாங்க வேண்டும், டெக்சஸில் அந்தத் தொல்லை இல்லை.

இந்தியாவில் இதைச் செய்ய முடியுமா?

இதைப் பொழுதுபோக்காகச் செய்ய வழியில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான். ராணுவ 9 மி.மீ. தடைசெய்யப்பட்ட வகையில் வருவதால் சாதாரண உரிமத்தில் கிடைக்காது. முத்திரைகளைப் படிக்கக் கற்றுக்கொள்வதற்கு மட்டும் எந்த உரிமமும் தேவையில்லை.

பிஸ்டல் கைக்கு வந்ததும் முதலில் என்ன பார்க்க வேண்டும்?

அது காலியா என்று. முதலில் மேகசினை எடுங்கள், அப்புறம் மேல் பாகத்தைப் பின்னால் இழுத்துக் குழலின் அறையைக் கண்ணால் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள். லூகரில் அறைக்குள் தோட்டா இருந்தால் மேலே இருக்கும் எக்ஸ்ட்ராக்டர் (தோட்டாவை அறையிலிருந்து வெளியே இழுக்கும் கொக்கி) சற்று உயர்ந்து, அதன் இடது பக்கத்தில் 'கெலாடன்' என்ற ஜெர்மன் சொல் தெரியும், குண்டு ஏறியிருக்கிறது என்று பொருள். அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். லூகரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தோட்டா அறையில் இருக்கும்போது மேல் பாகத்தை ஃபிரேமிலிருந்து கழற்றினாலும், இடது பக்கம் இருக்கும் சியர் பட்டையை (சுடும் ஊசியைப் பிடித்துவைத்திருக்கும் பாகம்) அழுத்தினால் சுட்டுவிடும். டிரிக்கர் ஃபிரேமோடு போய்விட்டதே என்று நினைப்பவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள்.

லூகரில் எந்த ஆண்டு, எந்தத் தொழிற்சாலை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு இடம் பாருங்கள். மேலே முழங்கை போல மடங்கும் டாகிளின் முன்பகுதியில் செய்தவர் அடையாளம், அதற்கு முன்னால் அறையின் மேல் ஆண்டு.

முதல் உலகப் போர் காலத்தில் ராணுவத்துக்குச் செய்தவர்கள் முக்கியமாக இரண்டு பேர். ஒன்று பெர்லினின் டி.டபிள்யூ.எம். நிறுவனம், மூன்று எழுத்தும் பின்னிப் பிணைந்த முத்திரை. இன்னொன்று எர்ஃபர்ட் அரசு ஆயுதச் சாலை, கிரீடத்துக்குக் கீழே ஊர்ப் பெயர். அறைமேல் 1917 என்று நான்கு இலக்கத்தில் ஆண்டு இருக்கும். சிலவற்றில் 1917க்கு மேல் 1920 என்று இன்னொரு ஆண்டும் இருக்கும். அது செய்த ஆண்டு இல்லை. வெர்சாய் ஒப்பந்தத்துக்குப் பிறகு ஜெர்மன் படை ஒரு லட்சம் பேருக்குச் சுருங்கியபோது, இது அரசுச் சொத்து என்று அடித்த குறி. 'இரட்டைத் தேதி' என்று சேகரிப்பவர்கள் சொல்வது இதைத்தான். எனக்குத் தனிப்பட்ட முறையில் இவைதான் பிடிக்கும், இரண்டு படைகளில் வேலை பார்த்த பிஸ்டல் என்று அதன் நெற்றியிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் சந்தையில் என்னவோ ஒற்றைத் தேதிக்குத்தான் மவுசு.

1925 முதல் சூல் நகரத்தின் சிம்சன் நிறுவனத்துக்கு மட்டும் ராணுவத்துக்கு லூகர் செய்ய அனுமதி. 1930இல் டி.டபிள்யூ.எம். வேலையெல்லாம் மவுசருக்குப் போனது. அங்கிருந்து ஒளிவுமறைவு ஆரம்பம். நிறுவனப் பெயருக்குப் பதிலாக டாகிளில் 'எஸ்/42' என்ற குறியீடு, ஆண்டுக்குப் பதிலாக எழுத்து: 1934க்கு 'கே', 1935க்கு 'ஜி'. 1936 முதல் ஆண்டை மீண்டும் இலக்கத்தில் அடித்தார்கள். 1939 வாக்கில் வெறும் '42', பிறகு 1941, 42இல் 'பி.ஒய்.எஃப்'. மவுசர் தொழிற்சாலையில் ராணுவத்துக்கான லூகர் உற்பத்தி 1942இல் முடிந்தது. கருப்பு பேக்கலைட் கைப்பிடி போட்ட பி.ஒய்.எஃப் ஒன்றை 'பிளாக் விடோ' என்று சொல்லி அதிக விலை கேட்பார்கள். அது ராணுவம் வைத்த பெயரே இல்லை, பின்னாளில் விற்பவர்கள் வைத்தது.

சீரியல் எண்ணை வைத்து மட்டும் ஆண்டைச் சொல்லிவிட முடியாதா?

ஜெர்மன் பிஸ்டலில் முடியாது. ஒவ்வொரு ஆண்டும் எண் 1இலிருந்து ஆரம்பிக்கும், பத்தாயிரம் வந்ததும் பின்னால் சிறிய 'ஏ' எழுத்து சேர்த்து மறுபடி 1, அடுத்த பத்தாயிரத்துக்கு 'பி', இப்படியே போகும். அதனால் '4512 பி' என்ற எண்ணில் 1916இலும் ஒன்று இருக்கலாம், 1917இலும் ஒன்று இருக்கலாம். எண்ணை எழுதும்போது ஆண்டு, தொழிற்சாலை, கடைசி எழுத்து மூன்றையும் சேர்த்து எழுதாவிட்டால் உங்கள் குறிப்பு யாருக்கும் உதவாது.

'எல்லா எண்ணும் பொருந்துகிறது' என்று விளம்பரத்தில் போடுகிறார்களே?

லூகரில் சின்னச் சின்னப் பாகங்களில்கூட சீரியலின் கடைசி இரண்டு இலக்கத்தை அடித்திருப்பார்கள்: டிரிக்கர், பக்கத் தகடு, கழற்றும் நெம்புகோல், டாகிள் இணைப்புகள். பாகங்களை அங்கேயே ஒன்றோடொன்று பொருத்தி ராவிச் சரிசெய்ததால் அப்படி. எல்லாம் பொருந்தினால் பிஸ்டல் தொழிற்சாலையை விட்டுப் போனபடியே இருக்கிறது என்று நம்பலாம். ஒரு பாகம் மாறியிருந்தாலும் விலை நன்றாக இறங்கும். விலை இறங்குகிறது என்பதால்தான் எண்ணை மாற்றி அடிப்பவர்களும் இருக்கிறார்கள். அதைக் கீழே சொல்கிறேன்.

கைப்பிடியின் முன்பக்கத்தில் புள்ளி புள்ளியாக எண்களும் எழுத்துகளும் இருக்கின்றனவே, அது என்ன?

அதுதான் எல்லாரும் தேடுவது, படைப்பிரிவு முத்திரை. கைசர் காலத்து ஜெர்மன் ராணுவம் எந்த ஆயுதம் எந்தப் பிரிவுடையது என்பதை 1909 விதிப்படி ஆயுதத்திலேயே அடித்தது. '8. ஆர். 5. 31.' என்று இருந்தால் 8ஆவது காலாட்படை ரெஜிமெண்ட், 5ஆவது கம்பெனி, அந்தக் கம்பெனியின் 31ஆவது ஆயுதம். முன்னால் 'பி' (B) இருந்தால் பவேரியா. 31ஆம் எண் யார் இடுப்பில் தொங்கியது என்பது கம்பெனி வைத்திருந்த பதிவில் இருந்திருக்கும். பிஸ்டலில் இல்லை.

பவேரியப் பிரிவு கிடைத்தால் அதிர்ஷ்டம். பிரஷ்ய ராணுவத்தின் ஆவணங்கள் 1945 ஏப்ரலில் போட்ஸ்டாம் ஆவணக் காப்பகத்தின் மேல் விழுந்த குண்டில் பெரும்பாலும் எரிந்துபோயின. பவேரியாவின் ஆவணங்கள் மியூனிக்கில் தனியாக இருந்ததால் பிழைத்தன. அந்தக் கம்பெனியில் யார் யார் இருந்தார்கள், எங்கே சண்டை போட்டார்கள் என்பதுவரை போகலாம்.

கடற்படை லூகர் வேறு மாதிரி. நீண்ட குழல், பின்னால் 100, 200 மீட்டருக்கு மாற்றும் குறிபார்ப்பான் கொண்ட பி.04 மாதிரி அது. அதில் 'டபிள்யூ.கே.' என்றால் கீல் கப்பல் தளம், 'டபிள்யூ.டபிள்யூ.' என்றால் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் தளம். கப்பல் பெயர் இருக்காது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைச் சுட்ட எம்டனை நம் ஊரில் யாரும் மறக்கவில்லை. நாளைக்கு யாராவது "இது எம்டன் பிஸ்டல் சார்" என்று தமிழர் ஒருவரிடம் நீட்டினால் ஆசை வரத்தான் செய்யும். தளத்தின் முத்திரையை வைத்துக்கொண்டு கப்பலைச் சொல்ல முடியாது, காகிதம் கேளுங்கள்.

பி.38 பற்றிச் சொல்லுங்கள்.

லூகரைச் செய்ய ஆகும் நேரமும் செலவும் அதிகம் என்பதால் வந்த மாற்று. செய்தவர்கள் மூன்று பேர். வால்தர்: முதலில் '480', பிறகு 1940 முதல் 'ஏ.சி.', கீழே ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம். மவுசர்: 'பி.ஒய்.எஃப்', 1945இல் 'எஸ்.வி.டபிள்யூ'. மூன்றாவது ஸ்ப்ரீவெர்க், இன்றைய செக் நாட்டின் ஹ்ராடெக் ஊரில், குறியீடு 'சி.ஒய்.க்யூ'. இதில் ஆண்டே அடிக்கவில்லை, எண்ணோடு வரும் எழுத்தை வைத்துத்தான் காலம் கணிக்க வேண்டும்.

ஸ்ப்ரீவெர்க் பிஸ்டல் கிடைத்தால் பூதக்கண்ணாடியில் அந்தக் குறியீட்டைப் பாருங்கள். கடைசிக் காலத்தவற்றில் நடு எழுத்தான 'ஒய்' 'வி' போலத் தெரியும். அச்சில் ஒய்யின் வால் உடைந்துவிட்டது, மாற்றாமல் அப்படியே அடித்துக்கொண்டே போயிருக்கிறார்கள். ஸ்லைடின் (சுடும்போது முன்னும் பின்னும் நகரும் மேல் பாகம்) மேல் கடைசல் வரிகள்கூட மெருகேற்றாமல் அப்படியே தெரியும். வால்தர் ஆள்கள் இதை மட்டமாகப் பேசுவார்கள், எனக்கோ 1945 தொடக்கத்தில் அந்தத் தொழிற்சாலை இருந்த நிலைமை இதைவிடத் தெளிவாக வேறு எதிலும் தெரிவதில்லை.

கழுகு முத்திரைக்குக் கீழே இருக்கும் எண் ராணுவப் பரிசோதகர் அலுவலகத்துடையது. 359 வால்தருக்கு, 135 மவுசருக்கு, 88 ஸ்ப்ரீவெர்க்குக்கு. 'ஏ.சி.' ஸ்லைடில் 88 இருந்தால் இரண்டு பிஸ்டல் சேர்ந்து ஒன்றாகியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

என் பி.38இல் இடது பக்கம் எக்ஸ் போல ஒரு குறி. கெட்டதா?

கெட்டது இல்லை, சோவியத் கையில் இருந்தது. செஞ்சேனை பிடித்த ஜெர்மன் ஆயுதங்களைப் போருக்குப் பிறகு மொத்தமாகக் கழற்றி, சுத்தம் செய்து, அழுத்தமான கருப்பில் மறுபடி நிறமேற்றி, கிடைத்த பாகங்களைப் பொருத்தி, எண்ணை மாற்றி எழுதிக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். ஜெர்மன் சேகரிப்பு என்று பார்த்தால் மதிப்புக் குறைவு. ஆனால் குறைந்த விலையில் ஒரு லூகரோ பி.38ஓ வைத்துக் கழற்றிப் பூட்டிக் கற்றுக்கொள்ள இதைவிட நல்லது இல்லை.

இத்தகைய பிஸ்டல்களில் அமெரிக்க இறக்குமதியாளர் பெயரும் ஊரும் பொடி எழுத்தில் குழலிலோ ஃபிரேமிலோ இருக்கும். சட்டப்படி அடிக்க வேண்டியது அது. 1968 சட்டம் ராணுவ உபரி இறக்குமதியை நிறுத்தியது, 1984இல் பழம்பொருள் வகைக்கு மட்டும் திறந்துவிட்டார்கள். இந்த முத்திரை இருந்தும் "தாத்தா நார்மண்டியிலிருந்து கொண்டுவந்தது" என்று ஒருவர் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

1911ஐ தையல் மெஷின் கம்பெனி செய்தது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 1911 மார்ச் 29இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட .45 பிஸ்டல் இது. இரண்டாம் உலகப் போரில் கோல்ட் நிறுவனத்தால் மட்டும் சமாளிக்க முடியாமல் மற்றவர்களுக்கும் கொடுத்தார்கள். நம் வீடுகளில் இருந்த அதே சிங்கர் 500 பிஸ்டல் செய்தது, எண் எஸ்800001 முதல் எஸ்800500 வரை. அப்புறம் அவர்களை விமான எதிர்ப்பு பீரங்கிகளுக்குக் குறிபார்க்கும் கருவி செய்யப் போகச் சொல்லிவிட்டார்கள். அதனால் சிங்கர் 1911 இன்று எட்டாத விலை, போலியும் அதிகம். எண்ணிக்கையில் எல்லாரையும் முந்தியது ரெமிங்டன் ராண்ட், டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் 'ரெமிங்டன்' என்று தட்டிப் பழகினோமே அந்தக் கம்பெனிதான், எட்டு லட்சத்துக்கும் மேல் செய்தது. வேட்டைத் துப்பாக்கி செய்த இதாகா, ரயில்வே சிக்னல் செய்த யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னல் (சுமார் 55,000) ஆகியவையும் உண்டு.

ஃபிரேமின் இடது பக்கம் பரிசோதகர் கையொப்ப எழுத்து இருக்கும். 'எஃப்.ஜே.ஏ.' என்றால் ஃபிராங்க் அட்வுட், ரெமிங்டன் ராண்டும் இதாகாவும். 'ஜி.எச்.டி.' என்றால் கை ட்ரூரி, கோல்ட். 'ஆர்.சி.டி.' என்றால் ராபர்ட் டௌனி, யூனியன் ஸ்விட்ச். ஸ்லைடில் ஒரு கம்பெனி, ஃபிரேமில் வேறு பரிசோதகர் என்று வந்தால் பயப்பட வேண்டாம். ராணுவம் இவற்றைப் பெட்டி பெட்டியாகப் பழுதுபார்த்தது, பாகங்களைக் கலந்தே பூட்டியது. ஃபிரேமில் 'ஏ.ஏ.' என்றால் அகஸ்டா, 'ஆர்.ஐ.ஏ.' என்றால் ராக் ஐலண்ட், 'ஓ.ஜி.' என்றால் ஆக்டன், பழுதுபார்த்த கிடங்கின் குறி. விற்க முயல்பவர்கள் இதைக் குறை என்று பார்ப்பார்கள். பூர்வீகம் தேடுபவருக்கு இது ஒரு நிறுத்தத்தின் பெயர்.

அமெரிக்க அரசே 1911 விற்கிறதாமே?

அரசு நேராக விற்பதில்லை. சி.எம்.பி. என்ற, பொதுமக்களுக்குத் துப்பாக்கி சுடும் பயிற்சியை வளர்க்கும் அமைப்புக்கு ராணுவம் ஆண்டுக்குப் பத்தாயிரம்வரை கொடுக்கலாம் என்று நாடாளுமன்றம் அனுமதித்தது, 2018இல் விற்பனை தொடங்கியது. அப்போது விண்ணப்பத்தைத் தபாலில் அனுப்ப வேண்டியிருந்தது, குலுக்கலில் வந்த எண்ணின்படி ஃபோன் வந்தது. அந்த முதல் சுற்றில் நல்ல தரம் 1050 டாலராக இருந்தது, அடுத்தது 950, கடைசி 850. தரத்தைத்தான் தேர்ந்தெடுக்க முடிந்தது, எந்தக் கம்பெனி செய்தது என்பது கையிருப்பைப் பொறுத்தது. அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும், கிரீன் கார்டு போதாது. பிஸ்டல் வீட்டுக்கு வராது, உரிமம் பெற்ற கடைக்குத்தான் வரும்.

சரி, என் பிஸ்டலை வைத்திருந்த சிப்பாய் யார் என்று கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியாது. ராணுவம் ஆயுதத்தைப் பிரிவுக்குத்தான் கொடுத்தது, பிரிவு ஆளுக்குக் கொடுத்தது. ஆள்வரை போகும் சீட்டுகளைச் சண்டை முடிந்ததும் யாரும் பாதுகாக்கவில்லை.

கிடைக்கக்கூடியவை இவை. கோல்ட் 1911 என்றால் கோல்ட் ஆவணப் பிரிவுக்குப் பணம் கட்டினால் எந்தத் தேதியில், யாருக்கு அனுப்பினோம் என்று கடிதம் தருவார்கள். போர்க்காலத்தவை என்றால் பதில் பெரும்பாலும் ஒரு ஆயுதக் கிடங்கின் பெயர்தான். காணாமல்போன, திருடுபோன ஆயுதங்களின் எண்கள் சில மேரிலாண்டின் காலேஜ் பார்க்கில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்துக் காகிதங்களில் இருக்கின்றன. உங்கள் எண் அதில் இருக்க வாய்ப்புக் குறைவு, பக்கத்து எண்கள் இருந்தால் அந்தத் தொகுதி எங்கே போனது என்று ஊகிக்கலாம்.

பிடிபட்ட ஜெர்மன் பிஸ்டலுக்கு அமெரிக்கச் சிப்பாய் வாங்கிய அனுமதிச் சீட்டு இருந்தால் அதுதான் புதையல். மேலதிகாரி கையெழுத்து, சிப்பாய் பெயர், பிரிவு, சில நேரம் சீரியல் எண்ணும் இருக்கும். எண் பிஸ்டலோடு பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள், ஒரு பிஸ்டலின் சீட்டை இன்னொன்றோடு கோர்த்து விற்பது சாதாரணம். பெயர் கிடைத்ததும் செயின்ட் லூயிஸில் இருக்கும் படைவீரர் ஆவண மையத்துக்கு எழுதலாம், ஆனால் 1973 ஜூலையில் அங்கே நடந்த தீ விபத்தில் 1912க்கும் 1960க்கும் இடையில் ராணுவத்திலிருந்து வெளியேறியவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் அழிந்துவிட்டன. அப்படி 'எரிந்தது' என்று பதில் வந்தால் விட்டுவிடாதீர்கள். கம்பெனிகளின் அன்றாடக் காலை அறிக்கைகள் பிழைத்தன. பெயரும் கம்பெனியும் தெரிந்தால் அவர் எந்த நாள் வந்தார், காயம்பட்டார், போனார் என்று அதில் பார்க்கலாம்.

சுவிஸ் பிஸ்டல்களில் மட்டும் ஒரு வசதி. சேவை முடிந்து சிப்பாய் தன் பிஸ்டலையே சொந்தமாக்கிக்கொண்டால் 'பி' (P) என்ற எழுத்தும் ஆண்டின் இரண்டு இலக்கமும் அடிப்பார்கள். பிரிட்டிஷ் வெப்லி, என்ஃபீல்ட் ரிவால்வர்களில் இரண்டு அம்புகள் முனையோடு முனை மோதினால் ராணுவம் விற்றுவிட்டது என்று பொருள். ஃபின்லாந்து ராணுவத்துடையது என்றால் கட்டத்துக்குள் 'எஸ்.ஏ.' என்ற முத்திரை இருக்கும்.

போலியைக் கண்டுபிடிப்பது எப்படி?

முத்திரையின் விளிம்பைப் பாருங்கள். இரும்பில் அச்சை அடிக்கும்போது சுற்றிலும் மயிரிழை அளவு மேடு எழும்பும். யாராவது பிறகு தேய்த்து நிறமேற்றியிருந்தால் அந்த மேடு போய், எழுத்தின் ஓரம் மழுங்கி, ஆழம் குறைந்திருக்கும். எண்ணைச் சுரண்டிப் புது எண் அடித்திருந்தால் அந்த இடம் லேசாகப் பள்ளமாக இருக்கும், விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். சுமார் 1937க்கு முந்தைய லூகரில் டிரிக்கர், கழற்றும் நெம்புகோல் போன்ற சின்னப் பாகங்கள் வைக்கோல் மஞ்சளாக இருக்கும், 1940 லூகரில் அந்த மஞ்சள் இருந்தால் யாரோ அலங்கரித்திருக்கிறார்கள். ஹிட்லரின் எஸ்.எஸ். படையின் மின்னல் குறி, மண்டையோடு இரண்டும் இருந்தால் நான் விலைகூடக் கேட்பதில்லை.

சுடலாமா?

எண்கள் பொருந்திய லூகரைச் சுடாதீர்கள். ஒரு எக்ஸ்ட்ராக்டர் உடைந்தால் போதும், அதே எண்ணோடு இன்னொன்று கிடைக்காது. முதல் உலகப் போர்க் கால 1911 ஸ்லைடுகளைப் பின்னாளில் செய்தது போலக் கடினப்படுத்தவில்லை, அவற்றுக்கும் ஓய்வு கொடுங்கள். சுட்டே ஆக வேண்டும் என்றால் ருமேனிய டோக்கரேவ், செக் சி.இசட்.82 போன்றவை வாங்குங்கள். டோக்கரேவுக்கான பழைய ராணுவத் தோட்டாக்களின் பிரைமர் (அடியில் இருக்கும் தீப்பொறி மருந்து) உப்பை விட்டுவிட்டுப் போகும், எண்ணெய் மட்டும் போட்டால் மறுநாளே துரு. சுட்ட அன்றே குழலையும் ஸ்லைடையும் சோப்புப் போட்ட வெந்நீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, அப்புறம் எண்ணெய்.

பழைய நிறம் போய் வெளுத்திருக்கிறது. புதிதாக நிறமேற்றலாமா?

வேண்டாம். கேட்டதற்காகச் சொல்கிறேன், மதிப்பில் பாதி போய்விடும்.

எப்படிப் பாதுகாப்பது?

பூட்டிய பெட்டி, ஈரம் இழுக்கும் பை, மாதத்துக்கு ஒருமுறை எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. பழைய தோல் உறையோடு சேர்த்து வாங்கியிருந்தால் பிஸ்டலை அதற்குள் வைத்து மூடாதீர்கள், தோல் பதனிட்ட ரசாயனமும் அது இழுக்கும் ஈரமும் சேர்ந்து நிறத்தை அரித்துவிடும். உறையைத் தனியாக வையுங்கள், மூடியின் உட்பக்கத்தில் செய்தவர் பெயரும் ஆண்டும் இருந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அனுமதிச் சீட்டு, கோல்ட் கடிதம் இருந்தால் ஸ்கேன் செய்து, அசலை அமிலமில்லாத உறையில் போட்டு, எந்த சீரியல் எண்ணுக்குரியது என்று அந்த உறையின் மேல் பென்சிலால் எழுதிவையுங்கள்.